சாட்சிப் படி

ஏழு வருஷம் கழித்து வந்தது சம்மன்.
குர்லா கோர்ட், மூன்றாவது மாடி.
அதற்குள் நான் வீடு மாறியிருந்தேன் மூன்று தடவை:
மான்கூர்ட், கோவண்டி, இப்போது செம்பூர் கேம்ப்.
கான்ஸ்டபிள் பன்சோடே எப்படியோ கண்டுபிடித்து
"அருள்மொழி சாமுவேல் யாரு?" என்று கதவைத் தட்டியபோது
எதிர் வரிசை ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.
"சாட்சிதான், சாட்சிதான்" என்றேன்
தெருவுக்கே கேட்கும்படி.

நான் பல் செய்கிறவள்.
டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு ஊற்றி
முகம் தெரியாத வாய்களுக்கு வரிசை அமைப்பவள்.
நான் ஒரு நாள் லீவு போட்டால்
காட்கோபரில் யாரோ ஒருவர்
இன்னும் ஒரு நாள் கஞ்சி குடிக்க வேண்டும்.

முதல் வாய்தா: நீதிபதி பயிற்சிக்குப் போயிருந்தார்.
அடுத்தது: எதிர்த்தரப்பு வக்கீலுக்கு டெங்கு.
மூன்றாவது நாள் மழை.
சயானில் ரயில் நின்றுவிட,
தண்டவாளத்துத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்து
நடந்து போய்ச் சேர்ந்தால்
ஃபைல் வரவில்லை.
நான்காவது எதற்குத் தள்ளிப்போனதென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நீ மட்டும் ஏன்க்கா அலையறே?" என்றாள் கீழ்வீட்டு ஷெஹ்னாஸ்.
அன்றைக்கு அந்த முக்கில் ஐம்பது பேர் நின்றோம்.
பேர், விலாசம் என்று போலீஸ் கேட்டதும்
நாற்பத்தொன்பது பேருக்கும்
பஸ் வந்துவிட்டது.

விடிகாலை ஐந்தே முக்கால்.
சைக்கிளில் பாவ் விற்கும் தத்தாராம் காவ்டே.
பின்னால் நீலக் கூடை.
அதற்கும் பின்னால் ஒரு வெள்ளை வேன்.
நான் முதலில் பார்த்தது அவரை அல்ல,
ரோடெல்லாம் உருண்ட பாவ்களை.
சூடு ஆறாதவை.
ஒரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு
எடுக்காமல் போனது.

ஐந்தாவது வாய்தாவில் கூண்டேறினேன்.
"இது உங்கள் கையெழுத்தா?"
நான்கு பக்கம் மராத்தி:
நான் சொன்னதில் ஹவில்தாருக்குப் புரிந்தது.
அடியில் என் பெயர் மட்டும் தமிழில்,
ழியின் வால் போய் ரப்பர் ஸ்டாம்பில் மாட்டியிருக்க.
"என்னுடையதுதான்."
வேனின் நிறம், நம்பர், வேகம்.
எல்லாம் சொன்னேன்.
பல்வரிசை போல ஒன்றும் பிசகவில்லை.
"சரி, நீங்கள் இறங்கலாம்."

இறங்கவில்லை.

"ஐயா, அவர் சைக்கிளை ஒடித்தது எனக்காக.
ஐந்து ஐம்பத்திரண்டு லோக்கலைப் பிடிக்க
குறுக்கே ஓடினேன்.
எனக்குச் சிவப்பு விளக்கு."

டைப் அடிக்கிறவர் விரல்கள் நின்றன.
நம் பக்கத்து வக்கீல் என்னைப் பார்த்த பார்வையில்
ஏழு வருஷத்து உழைப்பு நொறுங்கியது தெரிந்தது.
வேன்காரன் முதன்முறையாகத் தலை நிமிர்த்தினான்.
"இதை யாரும் உங்களிடம் கேட்கவில்லையே?" என்றார் நீதிபதி,
கண்ணாடியைக் கழற்றியபடி.

ஆமாம். அன்றைக்கு ஹவில்தாரும் கேட்கவில்லை.
கேட்காததால் நானும் சொல்லவில்லை.
கேட்காத அந்த ஒன்றைத்தான்
வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு மாறினேன்.

கடைசி பெஞ்சில் தத்தாராமின் மனைவி.
போன வாய்தாவில் எனக்குத்
தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தவர்.
மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே போகும் முன் ஒரு ஜன்னலில்
சாட்சிப் படி கொடுத்தார்கள்:
ரயில் டிக்கெட்டும் ஒரு டீயும் அடங்கும் தொகை.
ரசீதில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன்.
ழியின் வால் இந்தத் தடவை
கோட்டைத் தாண்டவில்லை.

லிஃப்ட் ஓடவில்லை.
எனக்கு முன்னால் அவர் இறங்கிக்கொண்டிருந்தார்,
சுவரைப் பிடித்து, முழங்கால் நோக,
ஒவ்வொரு படியாக.
திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.
பக்கத்தில் ஓர் ஆள் புகுந்து போக
இடம் இருக்கத்தான் செய்தது.
மூன்று மாடியும்
அவர் பின்னாலேயே இறங்கினேன்,
முந்தாமல்.